டாய் ஸ்டோரி 5: போனிக்கு எட்டு வயது, என் மகளுக்கும் எட்டு வயது

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொம்மைகளுக்கு உயிர் இருப்பதாகச் சொல்லும் அனிமேஷன் படத் தொடரான டாய் ஸ்டோரியின் ஐந்தாம் பாகம் 2026 ஜூன் 19 அன்று வருகிறது. டீசரைப் பார்த்த நாளிலிருந்து ஒரு விஷயம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதையைப் பற்றி வெளியே வந்திருப்பது கொஞ்சம்தான். அந்தப் பொம்மைகளை வைத்திருக்கும் போனிக்கு இப்போது எட்டு வயது. அவள் வீட்டுக்கு ஒரு டேப்லட் வருகிறது, தவளை வடிவத்தில். அதன் பெயர் லில்லிபேட். குரல் கொடுப்பவர் கிரெட்டா லீ. நான்காம் பாகத்தின் முடிவிலேயே கௌபாய் பொம்மை வுடி போனியை விட்டுப் போய்விட்டான், அதனால் இம்முறை பொம்மைகளின் பொறுப்பு கௌகேர்ள் பொம்மை ஜெஸ்ஸி தலையில். ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்குகிறார், மெக்கென்னா ஹாரிஸ் இணை இயக்குநர், இசை பழையபடி ராண்டி நியூமன்.

என் மகளுக்கும் எட்டு வயது. போன வருடம் வரை அவள் அறைக்கு வெளியே நின்றால் உள்ளே நாலு பேர் இருப்பதுபோல் கேட்கும். கரடிக்குக் கட்டைக் குரல். துணி முயலுக்கு மூக்கடைத்த குரல். கரடிக்குக் காய்ச்சல் வரும், முயல் ஊசி போடும், கரடி ‘வேண்டாம் டாக்டர்’ என்று அழும். எல்லாக் குரலும் அவளுடையது. சாதம் ஆறிப்போகிறது என்று கூப்பிட வந்தவள் கதவைத் தட்டாமல் அப்படியே நின்ற நாட்கள் உண்டு. இப்போது அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தும் குரல் கேட்கிறது, ஆனால் அது யாரோ முன்பின் தெரியாத ஒருவர் டேப்லட்டில் பேசும் குரல்.

இந்தப் படங்களில் ஒரு விதி உண்டு. மனிதர்கள் வந்தால் பொம்மைகள் இருந்த இடத்திலேயே விழுந்து அசையாமல் கிடக்கும். முன்பெல்லாம் அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. பொம்மை பேசாமல் கிடப்பதால்தான் குழந்தை பேசுகிறது. அது வாயைத் திறக்காததுதான் குழந்தைக்குக் கிடைக்கும் இடம். லில்லிபேட் அப்படி விழுந்து கிடக்காது. தானே பேசும், தானே கேட்கும், பாட்டும் தானே போடும். அதற்குக் குரல் கொடுக்க யாரும் தேவையில்லை.

போனிக்கு முன்னால் இந்தப் பொம்மைகளை வைத்திருந்த ஆண்டி, 17 வயதில் கல்லூரிக்குக் கிளம்பியபோது அவற்றை விட்டான். போனிக்கு எட்டு வயதுதான். வளர்வதற்கு முன்பே விளையாட்டு நின்றுபோனால் அதை என்னவென்று சொல்வது? மகளை இந்தப் படத்துக்கு அழைத்துப்போக ஆசையாகவும் இருக்கிறது, அவளைக் குற்றம் சொல்லவே ஒரு படத்துக்குக் கூட்டிப்போனதாக ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படி?


பழைய_டிவிடி எழுதியது:

நல்ல இழை. ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

முதல் படத்தை (1995 நவம்பர் 22) நினைத்துப் பாருங்கள். அதிலும் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி வருகிறது. உள்ளேயிருந்து வருவது பஸ் லைட்இயர். விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் பேசுகிறது, இறக்கை விரிகிறது. வுடியிடம் இருப்பது முதுகில் ஒரு கயிறு மட்டும். ஒரே பாட்டுக்குள் ஆண்டியின் அறை மாறிவிடும்: சுவரில் ஒட்டியிருந்த கௌபாய் படங்கள் போய் விண்வெளி வந்துவிடும், படுக்கை விரிப்பு உட்பட. அந்த அறையின் முதல் லில்லிபேட் பஸ்தான். வுடி அன்று பட்டது இன்று ஜெஸ்ஸி படப்போவது. கடைசியில் பஸ்ஸும் அந்த அறையில் ஒருவன் ஆனான்.

இன்னொன்று. ஸ்டான்டன் இந்தத் தொடருக்குப் புதியவர் இல்லை. முதல் படத்தின் திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவர், அடுத்து வந்த மூன்று பாகங்களின் கதை வேலையிலும் இருந்தவர். நடுவில் அவர் இயக்கியவற்றில் இரண்டு, ஃபைண்டிங் நீமோவும் (2003) வால்-ஈயும் (2008). பிள்ளையைக் கண்ணுக்கு அப்பால் விடத் தெரியாத அப்பாவைப் பற்றி ஒரு படம். மிதக்கும் நாற்காலியில் சாய்ந்து முகத்துக்கு முன்னால் திரையை வைத்துக்கொண்டே வாழும் மனிதர்கள் இன்னொன்றில். அந்த மனிதர்களை அவர் கெட்டவர்களாகக் காட்டவில்லை. தற்செயலாகத் திரை அணைந்ததும் ஒரு பெண் சுற்றிப் பார்த்து, இங்கே ஒரு நீச்சல்குளம் இருக்கிறதா என்று வியப்பாள், அவ்வளவுதான். அதை எழுதியவர் ஒரு டேப்லட்டைச் சும்மா வில்லனாக்கி அடித்து வீழ்த்துவார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள்.


மூன்றோடு_நிற்பவன் எழுதியது:

எனக்கு இந்தக் கதை 2010இல் வந்த மூன்றாம் பாகத்தோடு முடிந்துவிட்டது. ஆண்டி போனி வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையாகப் பெயர் சொல்லிக் கொடுப்பான். பெட்டியின் அடியில் வுடி இருப்பது அவனுக்கே தெரியாது. போனி வுடியை எடுக்கக் கை நீட்டும்போது சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொள்வான். ஒரு விநாடிதான். 17 வயதுப் பையன் அந்த ஒரு விநாடிக்கு ஆறு வயதுப் பையனாகிவிடுவான். அப்புறம்தான் கொடுப்பான்.

வளர்வதைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? நான்காவதையே நான் மனசில்லாமல்தான் பார்த்தேன்.


செம்பருத்தி_77 எழுதியது:

மூன்றோடு_நிற்பவன் தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் காட்சிக்கு முன்னால் ஒன்று வருமே, நினைவிருக்கிறதா? ஆண்டியின் அம்மா அவன் அறைக்குள் வருவாள். எல்லாம் கட்டிவைத்து அறை காலியாக இருக்கும். அவளுக்கு மூச்சு அப்படியே நின்றுவிடும். உன்கூடவே இருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பாள். அவன் அவளைக் கட்டிக்கொள்வான். பெட்டிக்குள்ளிருந்து வுடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

2010இல் என் பையனுக்கு நாலு வயது. தியேட்டரில் அந்த நெருப்புக் காட்சி வந்தபோது, பொம்மைகள் எல்லாம் கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடுமே, அப்போது என் மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனைச் சமாதானப்படுத்துவதிலேயே எனக்குப் படம் போய்விட்டது. அம்மா வரும் காட்சி மனதில் பதியவே இல்லை.

போன ஆண்டு அவனை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், இவரும் தூங்கிவிட்டார், நான் மட்டும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது. இந்தப் படங்களில் பொம்மைகள் என்று நாம் சொல்வது பெற்றவர்களைத்தான். குழந்தைக்கு ஒன்றென்றால் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். அவன் கண்ணில் படாமல் எல்லாம் செய்கிறார்கள். அவன் போகும் நாள் தெரிந்தே செய்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் அந்தக் கிழப் பொம்மை வுடியைக் கேட்பானே, ஆண்டி உன்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போவான் என்றா நினைக்கிறாய் என்று. அந்தக் கேள்வியை எந்த அப்பா அம்மாவிடம் கேட்டாலும் பொருந்தும்.

நிலாமுற்றம், உங்கள் மகள் எட்டு வயதில் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றால் அது உங்களுக்கு வலிப்பது இயல்பு. அது அவளுக்கும் வலிக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.


கடல்தாண்டி எழுதியது:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் டேப்லட்டைப் பற்றிக் கெடுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. அவளுடைய அம்மம்மா யாழ்ப்பாணத்தில். மகள் பிறந்தபின் ஒருமுறைதான் நேரில் கண்டவர். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும், அங்கே பின்னேரம், இருவரும் திரையில் சந்திப்பார்கள். மகள் தன் பாவைப்பிள்ளையைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பாள். அங்கேயிருந்து அம்மம்மாதான் அந்தப் பாவைப்பிள்ளைக்காகக் கதைப்பார். ‘எனக்குப் பசிக்குது, புட்டு அவிச்சுத் தா’ என்று அது கேட்கும். இவள் ஓடிப்போய்த் தன் குட்டிச் சட்டியை எடுத்து வருவாள். ஒரு மணித்தியாலம் போவதே தெரியாது.

குரல் கொடுக்க இடம் வேண்டும் என்று நிலாமுற்றம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த இடத்தைத் திறந்து வைத்திருப்பதே திரைதான். அது இல்லையென்றால் என் மகளின் பாவைப்பிள்ளைக்குத் தமிழே தெரிந்திருக்காது.


வரைகோடு எழுதியது:

நான் அனிமேஷன் துறையில் வேலை செய்கிறேன், பதினைந்து வருடம் ஆகிறது. இந்தத் தொடரைப் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் ஏன் பொம்மைகளைப் பற்றியது? அன்றைய கம்ப்யூட்டருக்கு நன்றாக வரைய வந்தது பிளாஸ்டிக்தான். தோல், முடி, துணி எல்லாம் பெரும் பாடு. இந்தத் தொடரை எடுக்கும் பிக்ஸார் நிறுவனம் 1988இல் எடுத்த குறும்படம் ஒன்றில் ஒரு தகரப் பொம்மையும் ஒரு கைக்குழந்தையும் வரும். பொம்மை அழகாக இருக்கும், குழந்தை பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். அந்தக் குழந்தையைப் பார்த்து பொம்மைகள் எல்லாம் சோபாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். டாய் ஸ்டோரியின் விதை அதுதான். முதல் படத்தில் மனிதர்களின் கால், கை, முதுகு என்றே அதிகம் காட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதனால்தான் அந்தப் படமே பொம்மையின் உயரத்திலிருந்து பார்க்கிற படமாக ஆனது. இயலாமையிலிருந்து வந்த பார்வை அது, ஆனால் அதைவிடச் சரியான பார்வை அந்தக் கதைக்கு இருந்திருக்க முடியாது.

117 கம்ப்யூட்டர்கள், மொத்தம் 8 லட்சம் எந்திர மணி நேரம். ஒரே ஒரு பிரேமுக்கு 45 நிமிடத்திலிருந்து 30 மணி நேரம் வரை பிடித்தது. பச்சை ராணுவப் பொம்மைகள் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள, அனிமேட்டர்கள் ஒரு பலகையில் ஷூக்களை ஆணியடித்து, அதில் காலை விட்டு நடந்து பார்த்தார்கள். இதைப் படித்த அன்று நானும் அண்ணனும் ஒரு பழைய கதவுப் பலகையில் செருப்பை வைத்து முயன்றோம். நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அந்த மதியமும் ஒரு காரணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களில் ஒரே பொம்மையை இரண்டு விதமாக அசைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது வுடிக்கு எடை உண்டு, எண்ணம் உண்டு, கால் தரையில் ஊன்றும். ஆண்டியின் கையில் இருக்கும்போது கை கால் தொங்கும், தலை ஆடும், இடுப்பைப் பிடித்துத் தூக்கிய இடத்தில்தான் அசைவு இருக்கும். உயிரில்லாத அசைவு. ஆனாலும் பார்ப்பவருக்கு அந்த நேரம்தான் அவன் மகிழ்ச்சியாக இருக்கும் நேரம் என்று புரிந்துவிடும். நிலாமுற்றம் சொன்ன மௌனத்தை அனிமேட்டர்கள் கையால் அசைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் ரயில், பாலம், வெடி என்று பிரமாண்டமாக ஒரு சண்டை வருமே, அது முழுக்க ஆண்டியின் தலைக்குள் நடப்பது. அப்புறம் அம்மா எடுத்த வீடியோவில் அதே விளையாட்டு சாதாரண அறையில் ஒரு பையன் தவழ்ந்து கத்துவதாகத் தெரியும். ஐந்தாம் பாகத்தில் நான் காத்திருப்பது இதற்குத்தான்: போனி லில்லிபேட்டைப் பார்க்கும்போது அவள் தலைக்குள் என்ன நடப்பதாகக் காட்டப் போகிறார்கள்? அங்கே ரயில் ஓடுமா?

அப்புறம் செம்பருத்தி அக்காவுக்கு ஒரு செய்தி. 1998இல் இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் பெரும்பகுதி அழிந்துபோயின. சேமித்து வைத்த நகலும் சரியாக வேலை செய்யவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். கைக்குழந்தை இருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்தார், அதற்காக ஒரு நகல் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு கதையைப் பெரிதும் மாற்றி ஒன்பது மாதத்தில் படத்தை மறுபடி எடுத்தார்கள் என்பது தனிக் கதை. பிள்ளையை விட்டு வர முடியாத ஒரு அம்மா இருந்ததால் மிஞ்சிய படம் அது.


செம்பருத்தி_77 எழுதியது:

இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி தம்பி. ஜெஸ்ஸி முதலில் வருவது அந்தப் படத்தில்தானே.


இரண்டாமாண்டு எழுதியது:

இங்கே எழுதுபவர்களில் நான்தான் சின்னவன் என்று நினைக்கிறேன், 19 வயது. டேப்லட்டோடு வளர்ந்தவன் தரப்பிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும்.

எனக்கு ஏழு வயதில் அப்பா ஒரு டேப் வாங்கிக் கொடுத்தார். மூலையில் விரிசல் விட்டது, ரப்பர் உறை போட்டது. அதில் கட்டை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு ஒன்று. நானும் பக்கத்து வீட்டு நண்பனும் மொட்டைமாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு முழுக் கோடை விடுமுறை அதில் ஒரு ஊரே கட்டினோம். ஊருக்குப் பெயர் வைத்தோம், தலைவர் வைத்தோம், தேர்தல் கூட வைத்தோம். தலைவருக்கு நான்தான் குரல். பிறகு புது போன் வாங்கும்போது அந்த டேப்பை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சொல்லவே இல்லை. ஊர் அதோடு போய்விட்டது. உங்களுக்குத் தொலைந்துபோன மரப்பாச்சி நினைவிருப்பது போல எனக்கு அந்த விரிசல் நினைவிருக்கிறது.

நான்காம் பாகத்தில் ஃபோர்க்கி யார்? ஒரு பிளாஸ்டிக் கரண்டி. தன்னைக் குப்பை என்று நினைத்துக் குப்பைத்தொட்டிக்கே ஓடுவான். போனி ஐஸ் குச்சியில் கால் ஒட்டி, அதன் அடியில் தன் பெயரை எழுதியதால் அவன் பொம்மை ஆனான். எது பொம்மை என்று முடிவு செய்வது குழந்தைதான் என்று படமே சொல்லிவிட்டது. லில்லிபேட்டின் அடியில் போனி பெயர் எழுதினால் அதுவும் பொம்மைதானே?


பழைய_டிவிடி எழுதியது:

இரண்டாமாண்டு தம்பி, மிக நல்ல வாதம். ஆனால் உங்கள் ஊர்த் தலைவருக்குக் குரல் நீங்கள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். அந்த விளையாட்டு வாயை மூடிக்கொண்டு உங்களுக்கு இடம் விட்டது. தானாக அடுத்த வீடியோவை ஓட்டிக்கொண்டே போகும் திரை அப்படி விடாது. இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதுதான் பெற்றோரைக் குழப்புகிறது.

உங்கள் பதிவைப் படித்ததும் நான்காம் பாகத்தின் கேபி கேபி நினைவுக்கு வந்தாள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே குரல்பெட்டி பழுதாக வந்த பொம்மை. பேச முடிந்தால் ஏதாவது ஒரு குழந்தை தன்னை எடுத்துக்கொள்ளும் என்று பல ஆண்டுகள் பழம்பொருள் கடையில் காத்திருப்பாள். வுடியின் குரல்பெட்டியையே வாங்கிப் பொருத்திக்கொள்வாள். அந்தக் கடைக்காரம்மாவின் பேத்தி எடுத்துப் பார்ப்பாள், கயிற்றை இழுப்பாள், கேபி கச்சிதமாகப் பேசுவாள். பேத்தி வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போய்விடுவாள். பிறகு பொருட்காட்சியில் வழிதவறி அழுதுகொண்டிருக்கும் ஒரு சின்னப் பெண்தான் அவளை எடுத்துக்கொள்வாள். அந்தக் குழந்தைக்கு அப்போது யாராவது வேண்டியிருந்தது.

அழகாகப் பேசுவது மட்டும் போதாது என்று 2019லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த படத்தில் பேசுவதற்கென்றே செய்த ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.


தரைவிரிப்பு எழுதியது:

மழலையர் வகுப்பு ஆசிரியை நான். இருபது வருடமாகத் தரையில் உட்கார்ந்து வேலை. இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், நிலாமுற்றத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டொனால்ட் வின்னிகாட் என்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார், மனப்பகுப்பாய்வும் செய்தவர். குழந்தை எங்கே போனாலும் இழுத்துக்கொண்டு திரியுமே ஒரு அழுக்குப் போர்வை, ஒரு கரடி, அதைப் பற்றி 1953இல் ஒரு கட்டுரை எழுதினார். பயிற்சியில் படித்தபோது ஒரு இடம் எனக்கு அப்படியே நின்றுவிட்டது. வளரும் குழந்தை அந்தப் பொருளை மறப்பதும் இல்லை, இழந்தோம் என்று அழுவதும் இல்லை, அதற்கு இருந்த பொருள் மெல்ல மெல்லக் கரைந்துவிடுகிறது என்பார். அப்படியென்றால் அழுவது யார்? செம்பருத்தி அக்கா சொல்லிவிட்டார். இரண்டாம் பாகத்தில் ஜெஸ்ஸிக்குத்தான் பாட்டு, அவளை விட்டுப் போன எமிலிக்கு இல்லை.

அடுத்தது, எட்டு வயது. ‘நீ அம்மா, நான் டாக்டர்’ என்கிற பாவனை விளையாட்டு இரண்டு வயதுவாக்கில் தொடங்கி ஏழு வயது வரை உச்சத்தில் இருக்கும், பிறகு விதி வைத்த விளையாட்டுகள் மேலே வரும் என்று பியாஜே எழுதியிருக்கிறார். வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன். என்னிடம் நாலு வயதில் ஒரு குச்சியைக் குதிரை, மைக், தோசைக்கரண்டி என்று ஒரே காலையில் மாற்றிய பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் மைதானத்தில் ‘நீ அவுட்’, ‘இல்லை, கோட்டைத் தொட்டுட்டேன்’ என்று சண்டை போடுகிறார்கள். டேப் இல்லாத வீட்டிலும் கரடியின் கட்டைக் குரல் இந்த வயதில்தான் குறையும். முழுப் பழியையும் திரை மேல் போட வேண்டாம்.

ஆனால் உங்கள் கவலை தப்பு என்றும் சொல்ல மாட்டேன். சிறு குழந்தைகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இந்தச் சில வருடங்களாக என் வகுப்புக்கு வருகிற சில பிள்ளைகளிடம் ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்தால் அது ஏதாவது செய்யும் என்று காத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்து பொத்தான் தேடுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்கு முதல் வரியைப் பேசிக் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாவது வரியை அவர்கள் பேசிவிடுவார்கள். இதுவரை பேசாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.


மூன்றோடு_நிற்பவன் எழுதியது:

‘பொத்தான் தேடுகிறார்கள்.’ இந்த வரியை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டியின் கதை 2010இல் முடிந்தது என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் ஜெஸ்ஸியின் கதை முடியவில்லை என்பதை இவ்வளவு நாள் நான் நினைத்துப் பார்க்கவில்லை. எமிலி விட்டுப் போனாள், ஆண்டி விட்டுப் போனான், இப்போது போனி. மற்ற பொம்மைகளுக்கு இது ஒரு பயம். அவளுக்கு இது மூன்றாவது முறை. ஜெஸ்ஸிக்குக் குரல் கொடுக்கும் ஜோன் கியூசாக் இதை எப்படிப் பேசியிருப்பார் என்று கேட்கவே ஆவலாக இருக்கிறது.


நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன். கடல்தாண்டி, உங்கள் அம்மம்மாவின் புட்டை என் மகளுக்கும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

சனிக்கிழமை இரவு அவளோடு இரண்டாம் பாகம் பார்த்தேன். ஜெஸ்ஸியின் பாட்டு வந்தது. எமிலி வளர்கிறாள், நகப்பூச்சு பூசுகிறாள், ஜெஸ்ஸி கட்டிலுக்கு அடியில் தூசியோடு கிடக்கிறாள். ஒரு நாள் எமிலி அவளைக் கையில் எடுக்கிறாள், மறுபடியும் நல்ல காலம் என்று ஜெஸ்ஸி நினைக்கிறாள், கார் போய் நிற்கும் இடத்தில் தானப் பெட்டி. நான் அழுவதை மறைக்க முயன்றேன். மகள் அழவில்லை. திரையைப் பார்த்தபடியே, “எமிலி ரெண்டு நிமிஷமாவது ஜெஸ்ஸிகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்” என்றாள்.

படம் முடிந்து படுக்கும்போதுதான் கேட்டேன். குற்றம்போல ஆகிவிடக்கூடாது என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்த வாக்கியம் எல்லாம் மறந்துவிட்டது. கரடி இப்போதெல்லாம் பேசுவதே இல்லையே என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“பேசுதும்மா. நான் மனசுக்குள்ள பேசிக்கிறேன். வெளிய பேசினா அண்ணா கிண்டல் பண்றான்.”


தரைவிரிப்பு எழுதியது:

வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னது இதுதான். சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது வாய்விட்டுத் தனக்குத்தானே பேசுவார்களே, அந்தப் பேச்சு வளர வளர மறைந்து போவதில்லை, உள்ளே போய் யோசனையாக மாறுகிறது என்பார். உங்கள் மகள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அண்ணனிடம் கொஞ்சம் பேசுங்கள்.


இரண்டாமாண்டு எழுதியது:

அக்கா, டேப்பை எடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் அவளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.


நிலாமுற்றம் எழுதியது:

எடுக்கவில்லை தம்பி. அடுத்த வீடியோ தானாக ஓடுவதை மட்டும் அவளையே அணைக்கச் சொன்னேன். எப்படி அணைப்பது என்று எனக்கு அவள்தான் காட்டினாள்.

அண்ணனிடமும் பேசினேன். அவனுக்கு 12 வயது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அந்த முயலுக்கு மூக்கடைத்த குரலை முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்றான், அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருந்த ஒரு மழைக்காலத்தில். எனக்கு அது தெரியாது.

ஜூனில் நாங்கள் நான்கு பேரும் போகிறோம். கரடியையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறாள்.